இந்த மாதச் சோறு இந்த மாத மார்க்கெட்டில் இல்லை

டிரேடிங் செய்து பிழைக்கிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கேட்டால், நஷ்டம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் நஷ்டம் இரண்டாவது காரணம். முதல் காரணம் ஒன்றாம் தேதி. அன்றைக்கு வங்கியிலிருந்து வீட்டுக் கடனுக்கு டெபிட் ஆர்டர் போகும், அதாவது வங்கியே தவணையைப் பிடித்துவிடும். மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும், கார் இன்சூரன்ஸுக்குப் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகும். அத்தனையையும் இந்த மாதம் மார்க்கெட்டிலிருந்து எடுத்துத்தான் கட்டியாக வேண்டும் என்ற நிலையில் உட்கார்ந்தால், எவ்வளவு தெளிவான ஆளும் இருபதாம் தேதிக்கு மேல் வேறு ஆளாகிவிடுவார்.

நான் கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். வீடு சாட்ஸ்வொர்த்தில். முதலில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன்; பிறகு டாலரை இந்த நாட்டுப் பணமான ராண்டுக்கு வாங்கி விற்கும் டிரேடிங்கையே தொழிலாக வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் சம்பளத்தில் சாப்பாடு, பெட்ரோல், கரண்ட். வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் என் பங்கு. பல வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பையன்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஆன்ட்டி, நானும் ஃபுல் டைமா இறங்கிரலாமா?" இந்த நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் 30 சதவீதத்துக்கு மேல். இளைஞர்களிடையே இன்னும் மோசம். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, கையில் இருக்கும் போனிலேயே சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே இறங்கிவிட்டு ராத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்காகவும்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை பங்குக் குறியீட்டை வைத்து முன்கூட்டியே விலை பேசும் இண்டெக்ஸ் ஃபியூச்சர்ஸில், வாங்கியதை அன்றைக்கே விற்றுவிடும் டே டிரேடிங்கில் புதிதாக இறங்கியவர்களை மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 300 நாட்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு நஷ்டம். அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம். இந்தியாவில் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2024இல் வெளியிட்ட கணக்கும் இதே கதைதான்: மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில், பொருளை வாங்காமலே அதன் விலை ஏற்ற இறக்கத்தின் மேல் மட்டும் டிரேட் செய்யும் சிஎஃப்டி கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிகின்றன என்று அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பே 2018இல் சொல்லி, கையில் உள்ளதைவிடப் பல மடங்குக்கு டிரேட் செய்ய விடும் லீவரேஜுக்கு வரம்பு போட்டது. நன்றாகப் படித்தவர்களும் உழைப்பாளிகளும் இந்த எண்களுக்குள் இருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் இறங்குவது என்றால், அந்த 97 பேர் எதனால் தோற்றார்கள் என்று யோசித்துவிட்டு இறங்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு காரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

டாலரை 18.20 ராண்டுக்கு வாங்குகிறேன் என்று வையுங்கள். தவறினால் 18.10இல் வெளியே வந்துவிட வேண்டும், சரியாகப் போனால் 18.45 வரை விட வேண்டும் என்பது திட்டம். தோற்றால் 10 சென்ட், ஜெயித்தால் 25 சென்ட். இப்படி இரண்டுக்கு ஒன்று ஜெயித்தால் போதும், மாதக் கடைசியில் கையில் மிஞ்சும். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தால் என்ன நடக்கும்? விலை 18.26க்கு வந்ததுமே கை தானாக விற்றுவிடும். வந்ததை எடுத்துக்கொள்வோம், பள்ளிக்காவது ஆகும் என்று மனம் சொல்லும். அதே விலை 18.11க்கு இறங்கினால், கை ஸ்டாப்லாஸை, அதாவது நஷ்டத்தை நிறுத்த முன்பே குறித்த விலையை, எடுத்து 18.02க்குத் தள்ளிவைக்கும். இந்த நஷ்டத்தை ஒப்புக்கொண்டால் பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் சொல்வது? ஆக ஜெயித்தால் 6 சென்ட், தோற்றால் 18. பத்துக்கு ஏழு தடவை சரியாகக் கணித்தாலும் கணக்கு கரைந்துதான் போகும்.

லாபத்தைச் சீக்கிரம் விற்று நஷ்டத்தை வைத்துக் காப்பாற்றும் இந்தப் பழக்கத்தை நிதியியல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 1985இலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு முன் 1979இல், பணம் போவதன் வலி அதே அளவு பணம் வருவதன் சந்தோஷத்தைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் காட்டினார்கள்; பின்னால் வந்த கணக்குகளில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு இது. வாடகைப் பணம் அதற்குள் நுழைந்துவிட்டால் வலி இரண்டு மடங்கோடு நிற்பதில்லை என்பது நான் கண்டது.

அதனால்தான் 'டிரேடிங் சைக்காலஜி' என்று காசு வாங்கிக்கொண்டு நடக்கும் வகுப்புகள் மேல் எனக்குக் கோபம். மனசை அடக்கு, மூச்சைக் கவனி, பயத்தை வெல் என்கிறார்கள். ஒன்றாம் தேதி டெபிட் ஆர்டர் திரும்பி வந்தால் வங்கி அதற்கும் அபராதம் பிடிக்கும் என்று தெரிந்த ஒருவன் பயப்படாமல் இருந்தால்தான் ஆபத்து. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணத்தை எடுத்தால் பயம் தானாகப் பாதி இறங்கிவிடும்.

காரணத்தை எப்படி எடுப்பது என்று எனக்குப் புத்தகம் எதுவும் சொல்லித்தரவில்லை. என் மாமியாரிடம் பார்த்துக் கற்றேன்.

அத்தை வெகுகாலம் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கடை போட்டவர். வெள்ளி, சனி கூடும் சந்தை அது. மதும்பிக் கிழங்கு, கட்ரா பீன்ஸ், கத்திரிக்காய், கொத்தமல்லி, உயிர்க்கோழி, மீன் எல்லாம் வரும். அவர் மாமனார் காலத்தில் சொந்தத் தோட்டத்தில் விளைந்ததை விற்றார்கள். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து நிலம் போன பிறகு, கிளேர்வுட் மொத்தச் சந்தையில் வாங்கிவந்து விற்க ஆரம்பித்தார்கள். விடியுமுன் ஒரு விலை கொடுத்து வாங்குவது, பகலில் வேறு விலைக்கு விற்பது. என்ன விலை கிடைக்கும் என்று வாங்கும்போது தெரியாது. மழை பெய்தால் ஆளே வராது. யோசித்துப் பார்த்தால் நான் செய்வதும் இதையேதான்.

சனிக்கிழமை மதியம் சந்தை கலைகிற நேரத்தில், கவிழ்த்துப்போட்ட கிரேட்டின் மேல் உட்கார்ந்து அத்தை காசை எண்ணுவதைப் பல தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஏப்ரனின் முன்பாக்கெட்டிலிருந்து எல்லாவற்றையும் மடியில் கொட்டுவார். முதலில் நோட்டுகளை நீவி, அடுத்த வாரக் கொள்முதலுக்கான தொகையை எடுத்துப் பழைய பிஸ்கட் டின்னில் வைத்து மூடிவிடுவார். அந்த டின்னை வீட்டில் யாரும் தொடக் கூடாது, அவர் உட்பட. அடுத்தது வண்டிக்காரனுக்கு. அதற்குப் பிறகு வீட்டுக்கு என்று ஒரு தொகை. அது வியாபாரம் நன்றாக நடந்த வாரமும் அதேதான், மழை வாரமும் அதேதான். மிச்சம் இருந்தால் ஒரு வேட்டித் துணிக் கிழிசலில் முடிந்து அரிசி டிரம்முக்குள் போகும். மழை வாரத்தில் வீட்டுத் தொகைக்குக் குறைவது அந்த முடிச்சிலிருந்து வரும்.

"ஊட்டுக் காசும் மார்க்கெட்டுக் காசும் ஒண்ணாக் கெடந்தா ரெண்டும் போயிரும், கண்ணு" என்பார். ஒரு சனிக்கிழமை வியாபாரமே இல்லை. மாமனார் புலம்பிக்கொண்டே சாமான்களை ஏற்றினார். அத்தை பேசாமல் எண்ணி முடித்து, வழக்கமான தொகையை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் எங்களுக்குச் சமோசா வாங்கித் தந்தார். அவருக்கு அன்றைக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாரச் சாப்பாடு அந்த வாரச் சந்தையைப் பொறுத்ததில்லை என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. பதினொரு மணிக்கு மேல் கொத்தமல்லி வாட ஆரம்பித்தால் உடனே பாதி விலைக்கு இறக்கிவிடுவார். வாங்கின விலையைப் பற்றி அதற்கப்புறம் பேசவே மாட்டார். மாமனார் ஏதாவது சொன்னால், "வாடினதை ஊட்டுக்கு எடுத்தாந்து என்னா பண்றது?" என்பதோடு சரி. ஸ்டாப்லாஸைப் பற்றி இதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை.

வேலையை விடுவதற்கு முன்பே அவர் முறையை என் தொழிலுக்கு எடுத்துக்கொண்டேன். மூன்று கணக்குகள். புரோக்கரிடம் இருப்பது டிரேடிங் கணக்கு. வீட்டுச் செலவு போகும் சாதாரண வங்கிக் கணக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் 32 நாள் நோட்டீஸ் கணக்கு. இங்கே பல வங்கிகளில் கிடைக்கும், பணம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வட்டியும் கொஞ்சம் கூடுதல். குடும்பச் செலவில் என் பங்குக்கு ஒரு முழு வருஷத்துக்கான பணம் அந்த நடுக் கணக்கில் சேர்ந்த பிறகுதான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். அதைச் சேர்க்க வெகுகாலம் பிடித்தது. வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலத்தில் சின்ன அளவில் டிரேட் செய்த காலம் அது. அவசரப்பட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி நடுக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு ஒரே தொகை போகிறது. அது என் சம்பளம். போன மாதம் மார்க்கெட்டில் என்ன நடந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டிரேடிங் கணக்கில் அடிப்படைத் தொகைக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன். மேலே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு வரிக்கு, மிச்சம் நடுக் கணக்குக்கு. நல்ல காலாண்டில் சம்பளத்தைக் கூட்டுவதில்லை. நடுக் கணக்கில் ஆறு மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால், டிரேட் செய்யும் அளவு அன்றைக்கே பாதியாகும். கூடவே, தெரிந்த சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையைக் கூட்டிக்கொள்வேன். ஜூலையிலிருந்து வரி தாக்கல் காலம், அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. முழுநேர டிரேடர் வேறு வேலை செய்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அந்தக் கௌரவம் வீட்டுக் கடனைக் கட்டாது.

வரி விஷயம் பலருக்கு வயிற்றைக் கலக்கும் இடம். இங்கே டிரேடிங்கைத் தொழிலாகச் செய்பவரின் லாபத்தை வரித்துறையான சார்ஸ் மூலதன ஆதாயமாகப் பார்க்காது, சாதாரண வருமானமாகத்தான் பார்க்கும். மேல் அடுக்கு 45 சதவீதம். சம்பளக்காரருக்கு மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். நமக்கு ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் நாமே கணித்துக் கட்ட வேண்டும். ஏப்ரலில் வந்த லாபத்தை முழுக்கச் செலவழித்துவிட்டு, ஜூலையில் நஷ்டப்பட்டு, ஆகஸ்ட் வரிக்குக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வேலை போனால் கிடைக்கும் யூஐஎஃப் உதவியும் நமக்குக் கிடையாது. மெடிக்கல் எய்டு, ஓய்வூதியச் சேமிப்பு இரண்டையும் நாமே கட்ட வேண்டும். 'எவ்வளவு சம்பாதித்தால் வேலையை விடலாம்' என்று கணக்குப் போடுபவர்கள் கையில் வாங்கும் சம்பளத்தை மட்டும் வைத்துப் போடுகிறார்கள். முதலாளி கட்டிக்கொண்டிருந்த பங்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

அடுத்தது அளவு. நாணயச் சந்தையான ஃபாரெக்ஸில் ஒரு முழு லாட் என்பது ஒரு லட்சம் டாலர். டாலர்–ராண்ட் 10 சென்ட் நகர்ந்தால் 10,000 ராண்ட். ராண்ட் 10 சென்ட் நகர்வது பெரிய விஷயமே இல்லை, காலை டீ குடித்து முடிப்பதற்குள் நகர்ந்துவிடும். சின்னக் கணக்கை வைத்துக்கொண்டு லீவரேஜில் முழு லாட் எடுக்கும் பையனுக்கு நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தையின் கரன்ஸி ஃபியூச்சர்ஸில் ஒரு காண்டிராக்ட் ஆயிரம் டாலர்தான். அதே 10 சென்டுக்கு 100 ராண்ட். 2 லட்சம் ராண்ட் கணக்கில் ஒரு டிரேடுக்கு 1 சதவீதம் இழக்கத் தயார் என்றால், 10 சென்ட் ஸ்டாப்லாஸுக்கு 20 காண்டிராக்ட். இந்தக் கணக்கை ஆர்டர் போடுவதற்கு முன் நோட்டில் பேனாவால் எழுதுகிறேன். திரையில் போட்டால் கண் லாபப் பக்கம் ஓடிவிடுகிறது.

ஏன் 1 சதவீதம்? நாணயம் சுண்டுவதுபோல் பாதிக்குப் பாதி ஜெயிக்கும் முறையில் ஆயிரம் டிரேட் செய்தால், நடுவில் எங்கோ தொடர்ச்சியாக ஒன்பது, பத்து தோல்வி வருவது சாதாரணம். யாரும் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. தடவைக்கு 1 சதவீதம் என்றால் பத்துத் தோல்வியில் கணக்கு சுமார் 10 சதவீதம் குறையும். தடவைக்கு 5 சதவீதம் என்றால் 40 சதவீதம் போய்விடும். அதை மீட்க மிச்சத்தில் 67 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். முதல் ஆள் அன்றைக்கு வருத்தத்தோடு இரவுச் சாப்பாடு சாப்பிடுவார். இரண்டாவது ஆளுக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டு பேருடைய மனத்திடமும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஸ்டாப்லாஸ் இருக்கிறதே என்பார்கள். 2015 டிசம்பர் 9, புதன்கிழமை ராத்திரி, நிதியமைச்சர் நெனேயை ஜனாதிபதி ஜூமா நீக்கினார். ராண்ட் சரிந்தது, வெள்ளிக்கிழமைக்குள் டாலர் 16 ராண்டை நெருங்கியது. ஞாயிறு ராத்திரி முன்னாள் நிதியமைச்சர் கோர்தனைத் திரும்பக் கொண்டுவந்ததும் திங்கள் காலை ராண்ட் வேகமாக மேலே வந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் அடிபட்டார்கள். அடுத்த மாதம் 2016 ஜனவரி 11, திங்கள் விடியுமுன், நாமெல்லாம் தூங்கும் நேரத்தில், ஆசியச் சந்தையில் சில நிமிடங்களில் ராண்ட் 9 சதவீதம் வரை விழுந்து பிறகு பெரும்பகுதி மீண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் ஸ்டாப்லாஸ் நாம் போட்ட விலையில் நிறைவேறாது, அடுத்துக் கிடைக்கும் விலையில்தான் நிறைவேறும். ராண்டை வைத்துப் பிழைப்பவர் இதை எங்கோ எப்போதோ நடக்கும் அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் எதையும் கையில் வைத்துக்கொள்வதில்லை. மற்ற நாட்களில் ராத்திரிக்கு வைத்துக்கொண்டால் பகல் அளவில் கால்வாசிதான். சில நல்ல நகர்வுகள் கைவிட்டுப் போகின்றன. போகட்டும்.

உடம்பு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜான் கோட்ஸ் என்பவர் வால் ஸ்ட்ரீட்டில் டிரேடராக இருந்துவிட்டு கேம்பிரிட்ஜில் நரம்பியல் ஆராய்ச்சிக்குப் போனவர். அவரும் ஜோ ஹெர்பர்ட்டும் லண்டனில் 17 டிரேடர்களின் எச்சிலைத் தினமும் இரண்டு வேளை எடுத்துப் பரிசோதித்து, 2008இல் வெளியிட்டார்கள். சந்தை எவ்வளவுக்கு ஆடியதோ அவ்வளவுக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறியிருந்தது. பின்னால் செய்த இன்னொரு சோதனையில், தன்னார்வலர்களுக்குப் பல நாள் தொடர்ந்து அதே அளவுக்கு கார்டிசாலை உயர்த்திப் பார்த்தபோது, ரிஸ்க் எடுக்கும் துணிவு கணிசமாகக் குறைந்தது. அதாவது ஒரு வாரம் அலைக்கழிந்த உடம்பு, அடுத்த வாரம் எடுக்க வேண்டிய நியாயமான வாய்ப்பைக்கூடத் தள்ளிவிடும். அதை நாம் 'எனக்கு இந்தத் தொழிலுக்கான தைரியம் இல்லை' என்று குணத்தின் மேல் போட்டுக்கொள்கிறோம். அநியாயம் அது. தூங்கவிட்டுப் பார்த்தால் அதே ஆள் சரியாகிவிடுவார்.

தூக்கத்துக்கு இந்த நாட்டில் தனி எதிரிகள் உண்டு. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டின் வட்டி அறிவிப்பு நமக்கு ராத்திரி எட்டு மணி, அங்கே குளிர்காலம் என்றால் ஒன்பது. அதற்குப் பின் நடக்கும் பேட்டி முடிந்து ஆட்டம் அடங்க இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம். நான் அந்த ராத்திரிகளில் டிரேட் செய்வதில்லை; மறுநாள் காலை ஒன்பதுக்குப் பார்த்தாலும் ராண்ட் அங்கேதான் இருக்கும். போன் படுக்கையறைக்குள் வராது. சமையலறையில் சார்ஜ் ஆகும். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் கரண்ட் ஒரு நாளில் பல தடவை போகும், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம், சில சமயம் நான்கு. ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தேன். ஆனால் வட்டாரம் முழுக்க இருண்டால் மொபைல் டவரும் சீக்கிரம் படுத்துவிடும். அதனால் எங்கள் பகுதிக்கு நேரம் குறித்திருந்தால் அதற்குக் கால் மணி முன்பே கையில் இருப்பதை முடித்துவிடுவேன். திரையில்லாமல், முடிக்காத டிரேடை, அதாவது பொசிஷனை, வைத்துக்கொண்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பதைப் போன்ற கொடுமை எனக்கு வேண்டாம்.

சில நாட்கள் முழுக்கவே தொடக் கூடாதவை. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனில் கடைகளும் கிடங்குகளும் எரிந்த வாரம். நாட்டில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள், எங்கள் தெருமுனையில் ஆண்கள் ராத்திரி முழுக்கக் காவல் நின்றார்கள், ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை. 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் அப்படியே. பங்குச் சந்தை வழக்கம்போல் ஒன்பதுக்குத் திறந்து ஐந்துக்கு மூடிக்கொண்டுதான் இருந்தது. நான் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கணினியை மூடினேன். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் அப்படித்தான். சம்பளம் நடுக் கணக்கிலிருந்து வருவதால் இந்த ஓய்வு எனக்குக் கட்டுப்படியாகிறது. ஒன்றாம் தேதியைத் துரத்துகிறவருக்கு ஓய்வெடுக்கவே முடியாது.

பணத்துக்கு அடுத்த பாரம் தனிமை. அலுவலகத்தில் ஒரு நாள் மோசமாகப் போனால் பக்கத்து மேஜையில் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இங்கே பகல் முழுக்க ஒரு அறை, ஒரு திரை. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து "எப்படிப் போச்சு?" என்று கேட்கும்போது உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனையே ஒரு நோய். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டைத் திறந்து வைப்பேன். வாரத்தில் எத்தனை டிரேட், எத்தனை காண்டிராக்ட், திட்டப்படி நடந்தது எது, நடக்காதது எது, நடுக் கணக்கில் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது. அவருக்கு சார்ட் படிக்கத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கடைசி வரியை மட்டும் பார்ப்பார். அது ஆறுக்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே முடிவு செய்தது. இப்படி ஒருவர் பார்க்கிறார் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மறைப்பதில் தொடங்குவதுதான் குடும்பங்களை முடிக்கிறது. முதல் நஷ்டத்தை மறைக்க கிரெடிட் கார்டு, கார்டை மறைக்கத் தனியார் கடன், கடனை அடைக்க மச்சான் பணத்தை 'டிரேட் பண்ணித் தரேன்' என்று வாங்குவது. இந்தக் கடைசிப் படியில் காலை வைக்காதீர்கள். அடுத்தவர் பணத்தை நிர்வகிக்க நிதி ஆலோசகர்களுக்கான 2002ஆம் ஆண்டின் ஃபயிஸ் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்; நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்எஸ்சிஏவின் இணையதளத்தில் யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று எவரும் பார்க்கலாம். சட்டத்தை விடுங்கள், தன் பணம் போனாலே தூக்கம் வராத மனுஷனுக்கு அக்கா பணம் போனால் என்ன ஆகும்? அதேபோல உங்கள் பணத்தை ரோபோ பார்த்துக்கொள்ளும் என்பவர்களிடமும் போகாதீர்கள். மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்று ஸ்டெல்லன்போஷிலிருந்து நடந்த மோசடி 2020 டிசம்பரில் சரிந்தபோது, உலகம் முழுக்க மக்களிடமிருந்து வாங்கியிருந்தது 29,000 பிட்காயினுக்கு மேல். தலைவர் பிரேசிலுக்கு ஓடிவிட்டார்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் ஏற்கெனவே அந்தப் படிகளில் இறங்கிவிட்டவராக இருக்கலாம். உங்களிடம் நேராகப் பேசுகிறேன். பொசிஷன்களை இன்றைக்கே மூடுங்கள். இழந்ததை அதே சந்தையில் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் போகும்வரை டிரேட் செய்யாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் மொத்தத் தொகையையும் சொல்லுங்கள், பாதியாக்கிச் சொல்லாதீர்கள். கடன்காரர்கள் நெருக்கினால் முறைப்படியான கடன் சீரமைப்புக்கு, டெட் ரிவியூவுக்கு, இந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், அல்லது உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படிப் பேசினால், மனநல உதவி அமைப்பான சடாக்கின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. கூப்பிடக் கட்டணம் கிடையாது. நம் ஜனங்கள் மானத்துக்குப் பயந்து கூப்பிடாமல் இருந்துவிடுகிறார்கள். தயவு செய்து கூப்பிடுங்கள்.

என்னிடம் கேட்ட பையன்களில் ஒருவன் பிராஸ்பெக்டன் பக்கம் கார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். கெட்டிக்காரன், நோட்டு எழுதும் பழக்கமும் இருக்கிறது. வேலையை விட்டுவிடுகிறேன் என்றுதான் வந்தான். செலவுப் பட்டியலை எழுதச் சொன்னேன். அம்மாவின் மருந்தை விட்டிருந்தான், அதையும் சேர்த்தோம். வரி, மெடிக்கல் எய்டு, ஓய்வூதியம் எல்லாம் போட்டுப் பன்னிரண்டால் பெருக்கினோம். வந்த தொகையைப் பார்த்து வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அதுவரைக்கும் ரெண்டு காண்டிராக்ட்லயே ஓட்டலாமா ஆன்ட்டி?" என்றான். ஓட்டு என்றேன். பிப்ரவரி வரிக் கணக்கு முடிந்ததும் நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.